பைரீன் தரும் சாட்சியம்: மைசெல்களை உடனொளிர்வால் அறிதல்

சோடியம் டோடெசைல் சல்பேட்டை நீரில் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போனால் கண்ணுக்கு எந்த மாற்றமும் புலப்படுவதில்லை. லிட்டருக்கு ஒரு கிராம் கரைந்திருக்கும்போதும் ஐந்து கிராம் கரைந்திருக்கும்போதும் கரைசல் ஒரே தெளிவோடு இருக்கிறது. ஆனால் 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிராம் என்ற அளவைத் தாண்டும்போது, அதுவரை சரிந்துவந்த பரப்பு இழுவிசை சரிவதை நிறுத்திக்கொள்கிறது, மின்கடத்துத்திறன் ஏறும் வேகம் தளர்கிறது, நீரில் கரைய மறுத்த எண்ணெய்ப் பசையும் சாயங்களும் கரையத் தொடங்குகின்றன. தனித்தனியே திரிந்த மூலக்கூறுகள் அறுபது அறுபதாகக் கூடி, ஏறத்தாழ நான்கு நானோமீட்டர் குறுக்களவுள்ள திரள்களாக மாறியிருப்பதே இவை அனைத்துக்கும் காரணம். மைசெல் எனப்படும் இத்திரள், கண்ணுறு ஒளியின் அலைநீளத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாததால் கரைசலைக் கலங்கச் செய்வதில்லை. அதனுள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய, அங்கே போய் வாழ்ந்து அவ்விடத்தின் நிலையை ஒளியாகத் திருப்பி அனுப்பும் ஒரு மூலக்கூறைத் தேடிய முயற்சியின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வாறு கூடும் மூலக்கூறுகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. ஒரு முனையில் நீரை விரும்பும் தலை, மறுமுனையில் நீரிலிருந்து ஒதுங்கும் நீண்ட ஹைட்ரோகார்பன் வால். சோடியம் டோடெசைல் சல்பேட்டில் தலை எதிர்மின் சுமையுள்ள சல்பேட்டுத் தொகுதி, வால் பன்னிரண்டு கார்பன்கள் கோத்த சங்கிலி. நீர்ப்பரப்பில் வாலை வெளியே நீட்டியபடி அடர்ந்து நின்று பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் இவற்றுக்குப் பரப்புச்செயலிகள் என்று பெயர். துணி சோப்பு, ஷாம்பு, பற்பசையின் நுரைப்பொருள், உணவுக் கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பு ஆகியவை எல்லாம் இவ்வினத்தவை. நீரில் அமிழ்ந்த வாலைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள், தம் ஹைட்ரஜன் பிணைப்புகளை இழக்காதிருக்கும் பொருட்டு, வழக்கத்தைவிட இறுக்கமான ஓர் ஒழுங்குக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. வால்கள் ஒன்றுசேர்ந்து உள்ளே ஒடுங்கினால் அந்த நீர் விடுபடுகிறது. திரளைத் தூண்டுவது இவ்விடுபாடு. தலைகளின் ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவதோ திரளுக்கு எதிராக நிற்கிறது. இரண்டும் ஈடாகும் இடத்தில் மைசெல்லின் அளவு நிலைபெறுகிறது. திரள்தல் தொடங்கும் செறிவை மாறுநிலை மைசெல் செறிவு என்றும், ஒரு மைசெல்லில் அடங்கும் மூலக்கூறுகளின் சராசரி எண்ணிக்கையைத் திரள் எண் என்றும் வேதியியலார் வழங்குவர். சோடியம் டோடெசைல் சல்பேட்டுக்கு முதலாவது 8.2 மில்லிமோலார், இரண்டாவது அறுபதுக்குச் சற்று மேல்.

சோப்புக் கரைசலில் மூலக்கூறுகள் கூட்டமாக இருக்கின்றன என்ற கருத்தை 1913-ஆம் ஆண்டை ஒட்டி முன்வைத்தவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். சோப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது, ஆனால் அதில் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் சவ்வூடு பரவல் விளைவுகள் எதிர்பார்ப்பைவிட மிகக் குறைவாக இருக்கின்றன என்ற முரண்பாட்டை, மின்சுமை தாங்கிய கூழ்மத் திரள்கள் இருந்தால் மட்டுமே விளக்க முடியும் என்பது அவரது வாதம். அக்காலத்து வேதியியலார் பலர் இதை ஐயத்தோடுதான் பார்த்தனர். இன்று பாடநூல்களில் காணப்படும் உருண்டை வடிவ மைசெல்லின் படம் 1936-இல் ஹார்ட்லி எழுதிய சிறு நூலில் தெளிவு பெற்றது. மெக்பெயினின் பெயருக்கு இந்திய வேதியியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு: 1950-இல் திறக்கப்பட்ட புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர்தான்.

மைசெல் உருவாகும் செறிவை நிறமாற்றத்தால் கண்டறியும் வழியை 1947-இல் சிகாகோவின் காரினும் ஹார்க்கின்ஸும் வெளியிட்டனர். பினாசயனால் குளோரைடு என்னும் சாயத்தைச் சோப்புக் கரைசலில் சிறிதளவு சேர்த்து, கரைசலை மெல்ல நீர்த்துப்போகச் செய்தால், மைசெல்கள் கலையும் கட்டத்தில் அதன் நீல நிறம் மாறிவிடும். எளிமையான முறை, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆகவே விரைவில் பரவியது. ஆனால் அதில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. சாயம் நேர்மின் சுமை கொண்டது, சோப்பு எதிர்மின் சுமை கொண்டது; மைசெல்கள் தோன்றுவதற்கு முன்பே இரண்டும் தம்முள் இணைந்து சாயம் செறிந்த திரள்களை உண்டாக்கிக்கொள்கின்றன. அதாவது, எதை அளக்கச் சாயம் சேர்க்கப்பட்டதோ அதையே சாயம் உருவாக்கிவிடுகிறது. 1955-இல் பசுபதி முகர்ஜியும் கரோல் மைசெல்ஸும் இம்முறையை மறு ஆய்வு செய்து இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டினர். உடனொளிர்வு முறைகளை மதிப்பிடும்போதும் இக்குறையை நினைவில் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் ஒளிரும் மூலக்கூறும் வெளியிலிருந்து சேர்க்கப்படும் அயலாள்தான். அது எவ்வளவு குறைவாகச் சேர்க்கப்படுகிறது, எவ்வளவு சாதுவாக நடந்துகொள்கிறது என்பதில்தான் வேறுபாடு.

ஒரு மூலக்கூறு ஒளியை உறிஞ்சிக் கிளர்வு நிலைக்கு ஏறி, அங்கே சில நானோ நொடிகளோ சில நூறு நானோ நொடிகளோ தங்கி, சற்றுக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியை உமிழ்ந்து அடிநிலைக்குத் திரும்புவது உடனொளிர்வு. உறிஞ்சலை அளக்கும்போது வலிமையான ஒளிக்கற்றையில் ஏற்படும் சிறு குறைவைத் தேட வேண்டியிருக்கிறது. உடனொளிர்வில் இருண்ட பின்னணியில் தோன்றும் ஒளியை அளந்தால் போதும். இதனால் ஒரு மைக்ரோமோலார் செறிவும் அதற்குக் கீழும் எளிதில் எட்டக்கூடியவை ஆகின்றன. 50 மில்லிமோலார் சோடியம் டோடெசைல் சல்பேட்டுக் கரைசலில், தனி மூலக்கூறுகளாக நிற்கும் எட்டு மில்லிமோலாரைக் கழித்து, மீதியை அறுபதால் வகுத்தால், மைசெல்களின் செறிவு 0.7 மில்லிமோலார் என வரும். அதில் ஒரு மைக்ரோமோலார் ஒளிரும் பொருளைச் சேர்த்தால் எழுநூறு மைசெல்களில் ஒன்றில்தான் அது இருக்கும்; மற்ற 699 மைசெல்களும் அயலார் வந்ததை அறியாமலே இருக்கின்றன. உளவு மூலக்கூறு தங்கியுள்ள அந்த ஒரு மைசெல்லின் நிலை மட்டும் சற்று மாறியிருக்கலாம். பினாசயனாலின் பழைய சிக்கல் முழுமையாகத் தீரவில்லை, ஆனால் பெரிதும் சுருங்கிவிட்டது.

இப்பணிக்குப் பைரீனைப் போல் பொருந்திய மூலக்கூறு வேறில்லை எனலாம். நான்கு பென்சீன் வளையங்கள் ஒட்டி அமைந்த தட்டையான ஹைட்ரோகார்பனான இது, மின்சுமை அற்றது, நீரில் ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைவாகவே கரைவது. எனவே மைசெல் தோன்றிய உடனே அதற்குள் புகுந்துகொள்கிறது. அதன் கிளர்வு நிலை, ஆக்சிஜன் நீக்கப்பட்ட ஹைட்ரோகார்பன் கரைப்பான்களில் ஏறத்தாழ 450 நானோ நொடிகள் நீடிக்கும். பெரும்பாலான சாயங்களுக்கு இது சில நானோ நொடிகளே. எல்லாவற்றினும் முக்கியமானது அதன் நிறமாலை. தனிப் பைரீன் உமிழும் ஒளி 370 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள பகுதியில் ஐந்து தெளிவான முகடுகளாகப் பிரிந்து தோன்றுகிறது. 373 நானோமீட்டரை ஒட்டிய முதல் முகடு, மூலக்கூறின் சமச்சீர்மை காரணமாக ஏறக்குறைய தடைசெய்யப்பட்ட ஒரு மாற்றத்திலிருந்து பிறப்பது. சுற்றியுள்ள கரைப்பான் முனைவுத்தன்மை மிக்கதாக இருந்தால் அச்சமச்சீர்மை குலைந்து தடை தளர, முகடு உயர்கிறது. 384 நானோமீட்டரை ஒட்டிய மூன்றாம் முகட்டுக்கு அத்தடை இல்லாததால், அது சூழலைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே முதல் முகட்டின் உயரத்தை மூன்றாம் முகட்டின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், பைரீன் எத்தகைய இடத்தில் இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. நீரில் இது 1.8-ஐ ஒட்டியும், எத்தனாலில் 1.2-ஐ ஒட்டியும், சைக்ளோஹெக்சேனில் 0.6-ஐ ஒட்டியும் அமைகிறது. இரண்டு முகடுகளும் ஒரே அளவீட்டில் கிடைப்பதால், விளக்கின் வலிமை ஏறி இறங்கினாலும், பைரீனின் செறிவு சற்றுக் கூடிக் குறைந்தாலும் விகிதம் மாறுவதில்லை.

இவ்விகிதத்தை மைசெல் ஆய்வுக்குக் கொண்டுவந்த கட்டுரை 1977-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரமும் ஜே. கெர்ரி தாமஸும் அதை எழுதினர். கல்யாணசுந்தரத்தின் பெயரைத் தமிழ் வாசகர்கள் பலர் வேறொரு வழியில் அறிந்திருப்பர்: பின்னாளில் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒளிவேதியியல் ஆய்வைத் தொடர்ந்த அவரே, தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் திரட்டும் மதுரைத் திட்டத்தை 1998-இல் தொடங்கி நடத்தியவர், கணினித் தமிழின் தொடக்க நாள்களில் பலர் பயன்படுத்திய மயிலை எழுத்துரு அவர் உருவாக்கியது. சங்கப் பாடல்களைக் கணினித் திரையில் தேடிப் படிப்பவரும், ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பைரீன் விகிதத்தைக் கணக்கிடுபவரும் ஒரே மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

சோதனை எளிதாகத் தோன்றினாலும் நுணுக்கம் நிறைந்தது. பைரீனை நீரில் நேரடியாகக் கரைக்க முயன்றால் பல நாள் ஆகும்; எனவே அதை மெத்தனாலிலோ அசிட்டோனிலோ கரைத்து, தேவையான சில துளிகளை வெறும் குடுவையில் இட்டு, கரைப்பானை ஆவியாக்கி, கண்ணாடியில் படிந்த மெல்லிய படலத்தின் மீது பரப்புச்செயலிக் கரைசலை ஊற்றி இரவு முழுவதும் கலக்குவது வழக்கம். ஆவியாக்குவதைச் சோம்பலால் தவிர்த்தால், எஞ்சிய ஆல்கஹால் மைசெல் தோன்றும் செறிவையே நகர்த்திவிடக்கூடும். பின்னர் 335 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தி, 350 முதல் 500 வரை உமிழ்வைப் பதிவுசெய்ய வேண்டும். கருவியில் உமிழ்வொளி நுழையும் பிளவு அகலமாகத் திறந்திருந்தால் அண்டை முகடுகள் ஒன்றோடொன்று கலந்து விகிதம் தவறாக வரும். ஒரே கரைசலுக்கு இரு ஆய்வகங்கள் இருவேறு எண்களைத் தருவதற்கு இதுவே மிகப் பரவலான காரணம். 475 நானோமீட்டரை ஒட்டி அகலமான ஒரு மேடு எழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளர்வுற்ற ஒரு பைரீன், கிளர்வுறாத மற்றொரு பைரீனோடு ஒட்டிக்கொண்டு உமிழும் ஒளி அது. 1954-ஐ ஒட்டி ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் கண்டறிந்த இவ்வியப்பான நிகழ்வு வேறு பல ஆய்வுகளுக்குப் பயன்படுகிறது என்றாலும், இங்கே அது தோன்றினால் பைரீன் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பரப்புச்செயலியின் செறிவுக்கு எதிராக விகிதத்தை வரைந்தால், தொடக்கத்தில் 1.8-ஐ ஒட்டிய சமதளம், பின்னர் செங்குத்தான சரிவு, இறுதியில் 1.1 அல்லது 1.2-ஐ ஒட்டிய இன்னொரு சமதளம் என மூன்று பகுதிகள் கொண்ட வளைவு கிடைக்கிறது. இவ்வளைவில் மாறுநிலை மைசெல் செறிவு எது என்பதுதான் கேள்வி. சரிவின் நடுப்புள்ளியா, சரிவு முடிந்து கீழ்ச் சமதளம் தொடங்கும் முறிவுப் புள்ளியா? 2003-இல் ஸ்பெயினின் மாலகா பல்கலைக்கழகக் குழு இதை முறையாக ஆராய்ந்து, எல்லாப் பரப்புச்செயலிகளுக்கும் ஒரே விதி பொருந்தாது என்று காட்டியது: மாறுநிலைச் செறிவு உயர்ந்திருக்கும் அயனிப் பரப்புச்செயலிகளுக்கு முறிவுப் புள்ளியும், அது மிகத் தாழ்ந்திருக்கும் அயனியற்றவற்றுக்கு நடுப்புள்ளியும் பிற முறைகளின் முடிவுகளோடு நன்கு ஒத்துப்போகின்றன.

இவ்வேறுபாட்டின் காரணத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். சோடியம் டோடெசைல் சல்பேட்டின் செறிவு 9 மில்லிமோலாரை எட்டும்போது, மாறுநிலையை அது 0.8 மில்லிமோலார்தான் தாண்டியிருக்கிறது. ஆயினும் மைசெல்களின் செறிவு 13 மைக்ரோமோலார் ஆகிவிடுகிறது. ஒரு மைக்ரோமோலார் பைரீனுக்கு இது தாராளம். அதில் பெரும்பகுதி உடனே உள்ளே போய்விட, சரிவு மாறுநிலைச் செறிவை ஒட்டியே முடிந்துவிடுகிறது. மாறாக, மாறுநிலைச் செறிவு 0.05 மில்லிமோலாரும் திரள் எண் நூறும் உள்ள ஓர் அயனியற்ற பரப்புச்செயலியை எடுத்துக்கொண்டால், செறிவை இருமடங்காக்கிய பிறகும் மைசெல்கள் அரை மைக்ரோமோலார்தான் இருக்கும். பைரீன் மூலக்கூறுகளைவிட மைசெல்கள் குறைவு. நீரில் எஞ்சிய பைரீன் தொடர்ந்து 1.8 என்றே சொல்லிக்கொண்டிருக்க, சரிவு நீண்டு, முறிவுப் புள்ளி உண்மையான மாறுநிலையைத் தாண்டி வெகுதூரம் தள்ளிப்போகிறது. கருவி பிழை செய்யவில்லை. மைசெல் தோன்றியதா என்பதை அது அளக்கவில்லை, பைரீன் மைசெல்லுக்குள் குடியேறியதா என்பதையே அளக்கிறது. இரண்டும் ஒன்றாகும் இடத்தில் முறை நம்பத்தக்கது, விலகும் இடத்தில் விளக்கம் தேவைப்படுவது.

உண்மையில் மாறுநிலை மைசெல் செறிவு என்பது ஒரு புள்ளியே அன்று. அறுபது மூலக்கூறுகள் கூடும் நிகழ்வு கூர்மையாக இருக்கும். நான்கைந்து மட்டுமே கூடும் பித்த உப்புகளில் அது படிப்படியாக நிகழும். பரப்பு இழுவிசை தனி மூலக்கூறுகளின் நிலையைக் காட்டுகிறது, மின்கடத்துத்திறன் மைசெல்லைச் சூழும் எதிர் அயனிகளைக் காட்டுகிறது, உடனொளிர்வு உட்புறத்தைக் காட்டுகிறது. மூன்றும் ஒரே எண்ணைத் தராவிட்டால் வியக்க ஒன்றுமில்லை. பரப்பு இழுவிசை முறைக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. சோடியம் டோடெசைல் சல்பேட்டு மெல்லச் சிதைந்து தரும் டோடெக்கனால் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும், அது நீர்ப்பரப்பில் போய்ச் சேர்ந்து, மாறுநிலையை ஒட்டி இழுவிசை வளைவில் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது.

பைரீனைத் தவிர வேறு உளவு மூலக்கூறுகளும் பயன்பாட்டில் உள்ளன. அனிலினோநாப்தலீன் சல்போனேட்டு நீரில் மிக மங்கலாகவே ஒளிரும், நீர் குறைந்த சூழலில் நீலமாகப் பிரகாசிக்கும். ஆனால் அதன் எதிர்மின் சுமை காரணமாக எதிர்மின் மைசெல்கள் அதை விலக்குகின்றன, நேர்மின் பரப்புச்செயலிகளோ மைசெல் தோன்றும் முன்பே அதனோடு இணைகின்றன. பினாசயனாலின் கதை இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. இதைத் தவிர்க்க, மின்சுமையற்ற டைஃபீனைல் ஹெக்சாட்ரையீனைப் பயன்படுத்தும் முறையை 1984-இல் அமிதாப சட்டோபாத்யாயாவும் எர்வின் லண்டனும் வெளியிட்டனர். உயிரணுச் சவ்விலிருந்து புரதங்களைப் பிரித்தெடுக்கப் பரப்புச்செயலிகளை அன்றாடம் கையாளும் உயிர்வேதியியலாரிடையே இது நிலைபெற்றது. சட்டோபாத்யாயா பின்னர் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சவ்வுகள் பற்றிய ஆய்வை நீண்ட காலம் நடத்தினார்.

எனினும் உடனொளிர்வு முறையின் தலையாய சாதனை மாறுநிலைச் செறிவைக் கண்டது அன்று, அதற்கு வேறு பல முறைகள் இருக்கின்றன; திரள் எண்ணைக் கண்டதுதான். ஒளிச்சிதறலால் திரள் எண்ணை அளக்கும் வழியை 1940-களின் இறுதியில் டிபை காட்டியிருந்தார். ஆனால் அம்முறையில் மைசெல்களுக்கிடையே உள்ள விலக்கம் கணக்கைக் குழப்புவதால், செறிவைக் குறைத்துக்கொண்டே போய், மாறுநிலையில் என்ன மதிப்பு இருக்கும் என்று நீட்டிக் கணிக்க வேண்டும். 1978-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் டுரோவும் அகமது யெக்டாவும் வெளியிட்ட முறையில், எந்தச் செறிவில் வேண்டுமோ அந்தச் செறிவிலேயே மைசெல்களை எண்ணிவிட முடிந்தது.

அவர்கள் கரைசலில் இரண்டு பொருள்களைச் சேர்த்தனர். ஒன்று ஒளிர்வது: ருத்தேனியத்தின் பைபிரிடின் அணைவு; நேர்மின் சுமையுள்ள இது எதிர்மின் சுமையுள்ள மைசெல்லின் புறத்தே ஒட்டிக்கொண்டு செம்மஞ்சள் ஒளி உமிழும். (கறாராகச் சொன்னால் இவ்வணைவின் ஒளி நின்றொளிர்வு வகையைச் சேர்ந்தது, ஆயினும் முறையின் தருக்கம் உடனொளிர்வுக்கும் அப்படியே பொருந்தும்.) மற்றொன்று அதன் ஒளியை அணைப்பது: நீரில் கரையாமல் மைசெல்லுக்குள்ளேயே ஒதுங்கும் 9-மெத்தில் ஆந்த்ரசீன். இரண்டும் ஒரே மைசெல்லில் இருக்க நேர்ந்தால் ஒளி அணைந்துவிடும். அணைப்பான் இல்லாத மைசெல்லில் உள்ள அணைவு வழக்கம்போல் ஒளிரும். ஆகவே எஞ்சும் ஒளியின் பங்கு, அணைப்பான் இல்லாத மைசெல்களின் பங்கே ஆகும்.

வரிசையாக வைத்த கிண்ணங்களின் மீது கண்ணை மூடிக்கொண்டு புளியங்கொட்டைகளை வீசுவது போன்றதுதான் அணைப்பான் மூலக்கூறுகள் மைசெல்களுக்குள் பரவுவது. கிண்ணங்களும் கொட்டைகளும் சம எண்ணிக்கையில் இருந்தாலும் கிண்ணத்துக்கு ஒன்றாக அவை விழுவதில்லை. புவாசோன் பரவல் என்னும் கணித விதிப்படி, சராசரி ஒன்றாக இருக்கும்போது நூறு மைசெல்களில் 37 காலியாகவும், 37 ஒன்றைக் கொண்டும், 18 இரண்டைக் கொண்டும், மீதி எட்டு மூன்றோ அதற்கு மேலோ கொண்டும் இருக்கும். எனவே ஒளி 37 விழுக்காடாகக் குறையும் அணைப்பான் செறிவு எதுவோ, அதுவே மைசெல்களின் செறிவு. முன்னர்க் கண்ட 50 மில்லிமோலார் கரைசலில் அணைப்பானை 0.35 மில்லிமோலார் சேர்த்தால் ஒளி 61 விழுக்காடாகவும், 0.7 சேர்த்தால் 37 விழுக்காடாகவும் குறைய வேண்டும். குறைந்தால், மைசெல்லாகியுள்ள 42 மில்லிமோலாரை 0.7-ஆல் வகுக்க, திரள் எண் அறுபது என வந்துவிடுகிறது. ஒளியின் குறைவை மடக்கையாக்கி அணைப்பானின் செறிவுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்விலிருந்து எண்ணை எடுப்பதே நடைமுறை. டுரோவும் யெக்டாவும் சோடியம் டோடெசைல் சல்பேட்டுக்குக் கண்ட மதிப்பும் அறுபதை ஒட்டியே இருந்தது. சாதாரண ஒளிர்வு அளவியும் சில குடுவைகளும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடிய இச்சோதனை, கண்ணுக்குத் தெரியாதவற்றை எண்ணும் முறைகளில் மிக அழகானவற்றுள் ஒன்று.

இக்கணக்கு சரியாக அமைவதற்குக் காலத்தின் ஒத்துழைப்பு வேண்டும். மைசெல் ஓர் உறைந்த உருண்டை அன்று. 1970-களின் நடுப்பகுதியில் அனியன்சனும் வாலும் வகுத்த கொள்கைப்படி அதில் இருவகை இயக்கங்கள் உள்ளன: தனி மூலக்கூறுகள் மைசெல்லிலிருந்து வெளியேறி வேறொன்று உள்ளே வருவது வேகமானது, மைசெல் முழுவதுமாகக் கலைந்து மீண்டும் உருவாவது மில்லி நொடிகளிலிருந்து அதற்கும் மேற்பட்ட காலம் எடுத்துக்கொள்வது. சோடியம் டோடெசைல் சல்பேட்டின் ஒரு மூலக்கூறு மைசெல்லில் தங்கும் காலம் சில மைக்ரோ நொடிகள். உளவு மூலக்கூறின் கிளர்வு நிலை வாழ்வதோ மைக்ரோ நொடியில் ஒரு பகுதி. அந்தக் குறுகிய நேரத்துக்கு மைசெல் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது, அணைப்பானும் ஒரு மைசெல்லை விட்டு மற்றொன்றுக்குப் போக நேரமில்லை. ஆகவேதான் காலி மைசெல், நிறைந்த மைசெல் என்ற பாகுபாடு பொருளுடையதாகிறது.

மற்றொரு நிபந்தனையும் உண்டு: ஒரே மைசெல்லில் இருக்கும் அணைப்பான், ஒளிர்வானின் வாழ்நாள் முடிவதற்குள் அதைச் சந்தித்துவிட வேண்டும். சிறிய உருண்டைகளில் இது நிகழ்ந்துவிடும். உப்பு சேர்ப்பதால் மைசெல்கள் வளர்ந்து நீண்ட தண்டுகளாகும்போது இருவருக்கும் இடையே தூரம் கூடி, அணைப்பான் இருந்தும் ஒளி தப்பிவிடுகிறது; அத்தகைய இடங்களில் எளிய முறை திரள் எண்ணைக் குறைத்துக் காட்டும். இதற்கு மாற்று, ஒளியின் மொத்த அளவை விடுத்து அது தேயும் விதத்தை நேரத்தோடு பதிவுசெய்வது. குறுகிய ஒளித்துடிப்பால் கிளர்த்தினால், அணைப்பான் உள்ள மைசெல்களின் ஒளி முதலில் விரைவாகத் தேய்ந்து, பிறகு காலி மைசெல்களின் ஒளி மட்டும் இயல்பான வேகத்தில் தேயும். இரு கட்டங்களையும் பிரித்துப் படித்தால் திரள் எண்ணும், மைசெல்லுக்குள் இரு மூலக்கூறுகள் சந்திக்கும் வேகமும் ஒருங்கே கிடைக்கின்றன. இதற்கான கணிதத்தை இன்ஃபெல்டா, கிரெட்சல், தாமஸ் ஆகியோர் 1974-இலும், ஜப்பானின் தாச்சியா 1975-இலும் வகுத்தளித்தனர். மிகாயேல் கிரெட்சல், சாயமேற்றிய சூரிய மின்கலத்தால் பின்னர் உலகறிந்தவர்.

பைரீனின் சாட்சியத்தைப் பற்றிய பழைய ஒரு வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. மைசெல்லின் உட்புறம் திரவ ஹைட்ரோகார்பன் போன்றது என்றால், அங்குள்ள பைரீனின் விகிதம் சைக்ளோஹெக்சேனில் போல 0.6 ஆக இருக்க வேண்டும். கிடைப்பதோ எத்தனாலை ஒத்த 1.1, 1.2. மைசெல்லின் நடுப்பகுதிவரை நீர் ஊடுருவுகிறது என்பதற்கு இத்தகைய எண்களைச் சிலர் ஆதாரமாகக் கொண்டனர். வடிவக் கணிதம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்கிறது. டான்போர்டு தந்த சூத்திரத்தின்படி பன்னிரண்டு கார்பன் வாலின் முழு நீளம் 1.67 நானோமீட்டர், உட்கருவின் ஆரம் இதைத் தாண்ட முடியாது. உருண்டையின் கனஅளவில் பாதி, அதன் வெளிவிளிம்பில் 0.35 நானோமீட்டர் தடிப்புள்ள ஓட்டில் அடங்கிவிடுகிறது. பைரீனின் நீளமோ ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். இவ்வளவு சிறிய உருண்டைக்குள் இவ்வளவு பெரிய மூலக்கூறு எங்கே இருந்தாலும் தலைகளுக்கும் அவற்றை ஒட்டிய நீருக்கும் பக்கத்தில்தான் இருக்கும். போதாக்குறைக்கு, பைரீன் போன்ற நறுமணச் சேர்மங்கள் நீர் தொடும் புறப்பகுதியையே நாடுகின்றன. ஆகவே 1.2 என்ற எண், மைசெல்லின் மையத்தைப் பற்றிய செய்தி அன்று. பைரீன் தங்கியுள்ள இடத்தைப் பற்றிய செய்தி.

இம்முறையின் பயன் எளிய சோப்புகளோடு நின்றுவிடவில்லை. நீரை விரும்பும் பாலிமர் துண்டும் விரும்பாத பாலிமர் துண்டும் இணைந்த கட்டப் பாலிமர்கள், லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே மைசெல்களாகிவிடுகின்றன. மருந்தைச் சுமந்து செல்லும் ஊர்திகளாக இவை ஆராயப்படுகின்றன. இத்தகைய தாழ்ந்த செறிவுகளில் பரப்பு இழுவிசையும் மின்கடத்துத்திறனும் அதிகம் உதவுவதில்லை. டொராண்டோவின் வின்னிக் குழுவினர் 1991-இல், பாலிஸ்டைரீனும் பாலிஎத்திலீன் ஆக்சைடும் இணைந்த பாலிமர்களில், பைரீனின் உமிழ்வுக்குப் பதிலாக அதன் கிளர்வு நிறமாலையைப் பயன்படுத்தினர். நீரிலிருந்து மைசெல்லுக்குப் போகும்போது அதன் முகடு ஏறத்தாழ 333 நானோமீட்டரிலிருந்து 338-க்கு நகர்வதைக் கொண்டு, பைரீன் இரு இடங்களிலும் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட்டனர். மைசெல் தோன்றுவதும் பைரீன் குடியேறுவதும் வேறு வேறு என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அணுகுமுறை அது. அவ்வகையில் பின்னர் வந்த பல விரைவு அளவீடுகளைவிட நேர்மையானது.

முகர்ஜியும் மைசெல்ஸும் 1971-இல் அமெரிக்க தேசிய நியமங்கள் நிறுவனத்துக்காகத் தொகுத்த அட்டவணை, அதுவரை வெளியான ஆயிரக்கணக்கான மாறுநிலைச் செறிவு மதிப்புகளை, அளந்த முறையையும் தரத்தையும் சீர்தூக்கிப் பார்த்துப் பட்டியலிட்டது. உடனொளிர்வு முறைகள் பரவிய பிறகு அதே கண்டிப்பு மேலும் தேவைப்படுகிறது. பைரீன் முறையில் கண்ட ஒரு மதிப்பை வெளியிடும் ஆய்வாளர், எந்த உளவு மூலக்கூறு, எவ்வளவு செறிவில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு பிளவு அகலத்தில் பயன்பட்டது, வளைவின் எந்தப் புள்ளி தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற ஐந்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இவை இல்லாமல் வரும் எண்ணை வேறொரு முறையில் வந்த எண்ணோடு ஒப்பிட்டு முடிவுக்கு வருவதை வாசகர் தவிர்க்க வேண்டும்.